எரிஞ்சு போச்சா, எரிஞ்சு விழுந்தாரா? ‘பர்ன் அப்’ படும் பாடு

“மை ஃபாதர் பர்ன் தி ரப்பிஷ் அன்டில் ஃபினிஷ்.”

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பவர் எவரும் இந்த வாக்கியத்தையோ இதன் தம்பியையோ ஒருநாள் திருத்தியிருப்பார். அப்பா குப்பையை எரித்தார், ஒன்றும் மிச்சம் வைக்காமல் எரித்தார் என்பதுதான் பிள்ளை சொல்ல வந்தது. இறந்தகாலம் விட்டுப்போனதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிடலாம். ‘அன்டில் ஃபினிஷ்’ என்பதை என்ன செய்வது என்று வரும்போதுதான் பேனா நிற்கும். அது மலாயிலிருந்து வந்தது. ‘பாக்கார் சம்பாய் ஹாபிஸ்’ என்று பள்ளியிலும் பசாரிலும் கேட்டு வளர்ந்த காது, அதையே ஆங்கிலச் சொற்களில் எழுதிவிடுகிறது. ஆங்கிலம் பேசிப் பிறந்தவர் அந்த இடத்தில் ‘அப்’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு முடித்துக்கொள்வார்: ‘பர்ன்ட் அப்’.

(அந்த அப்பா 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவில் மாட்டிக்கொள்வார் என்பது வேறு கதை. திறந்த வெளியில் எரிப்பதை அந்தப் பிரிவு தடுக்கிறது. பிள்ளைகளின் கட்டுரைகளில் மட்டும் குப்பை இன்னும் எரிந்துகொண்டேதான் இருக்கிறது.)

இந்த ‘அப்’பைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளங்கவைக்க மலாய் வழியாகச் சுற்றிப்போக வேண்டியதில்லை, தடித்த அகராதியும் தேவையில்லை, வீட்டில் பேசுகிற தமிழே போதும் என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டிவரும் ‘அப்’, ‘அவுட்’, ‘டவுன்’, ‘ஆஃப்’ எல்லாம் செய்கிற வேலையை, நம் தமிழில் துணைவினைகள் காலங்காலமாகச் செய்துவருகின்றன. ஆங்கிலப் பாடத்தில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

‘அப்’ என்றால் மேலே என்று முதல் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். தீ மேல்நோக்கி எழும்புகிறது, புகையும் மேலே போகிறது, ஆகவே ‘பர்ன் அப்’ என்று நினைக்கத் தோன்றும். அப்படிப் பார்த்தால் ‘ஈட் அப்’ என்பதில் சோறு மேலேயா போகிறது? ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’, ‘டேர் அப்’, ‘டிரை அப்’ என்று அடுக்கிப் பார்த்தால் எதிலும் மேலும் இல்லை, கீழும் இல்லை. எல்லாவற்றிலும் இருப்பது ஒன்றுதான்: வேலை கடைசிவரை நடந்து முடிந்தது. இனி இதே வரிசையைத் தமிழில் சொல்லுங்கள். சாப்பிட்டுவிடு, குடித்துவிடு, தீர்த்துவிடு, கிழித்துப்போடு, வற்றிப்போ. ‘கிழித்துப்போடு’ என்பதில் யாரும் எதையும் எங்கும் போடவில்லை. ‘வற்றிப்போனது’ என்பதில் ஆறு எங்கும் கிளம்பிப் போகவில்லை. இரண்டாவது வினை தன் சொந்தப் பொருளை இழந்து, முதல் வினை முழுமையாக நடந்ததைச் சொல்ல மட்டும் நிற்கிறது. ‘அப்’ நிற்பதும் அப்படியே.

எரிப்பதற்குத் தமிழில் இந்த வசதி தாராளமாகவே உண்டு. எரிந்துபோனது, எரித்துவிட்டான், எரித்துப்போட்டான், எரித்துத் தள்ளினான், எரித்துத் தொலைத்தான். நான்கு பேர் ஒரே காகிதத்தை எரித்தாலும் இந்த நான்கு ‘ஆன்’களும் ஒன்றல்ல. ‘எரித்துவிட்டான்’ என்பதில் வேலை முடிந்தது தெரிகிறது. ‘எரித்துத் தள்ளினான்’ என்றால் நிறைய, தாறுமாறாக. ‘எரித்துத் தொலைத்தான்’ என்னும்போது சொல்கிறவரின் அலுப்பும் கோபமும் கூடவே வந்துவிடுகின்றன. ‘எரிந்துபோச்சு’ என்றால் இழப்பு, கைமீறிப் போனது. ஆங்கில ‘அப்’ இதில் ஒரு பங்கைத்தான் சுமக்கும்: முழுக்க நடந்தது என்பது. சொல்பவரின் மனநிலையை அது சொல்லாது. அதனால் ‘ஷி பர்ன்ட் அப் தி லெட்டர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் படித்தால், அவள் கடிதங்களை அழுதுகொண்டு எரித்தாளா, தலைமுழுகியது போல எரித்தாளா என்பது முன்பின் வாக்கியங்களைப் பார்த்தால்தான் தெரியும். தமிழில் மொழிபெயர்க்கும் பிள்ளை அங்கே ஒரு முடிவெடுத்தாக வேண்டும்.

இன்னொரு இடறலும் இங்கேயே இருக்கிறது. தமிழில் தானாக எரிவது ‘எரிந்தது’, ஒருவர் எரிப்பது ‘எரித்தது’. மலாயிலும் ‘தெர்பாக்கார்’ வேறு, ‘மெம்பாக்கார்’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘பர்ன்’ ஒன்றே. ‘தி பேப்பர்ஸ் பர்ன்ட் அப்’ என்றால் காகிதங்கள் எரிந்துபோயின, ‘ஹீ பர்ன்ட் அப் தி பேப்பர்ஸ்’ என்றால் அவன் எரித்துவிட்டான். வேறுபாடு சொல்லில் இல்லை, வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. இரு மொழியிலும் வடிவம் மாறிப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தின் இந்த ஒற்றை வடிவம் நிறைவளிக்காது. ‘வாஸ் பர்ன்ட் அப் பை இட்செல்ஃப்’ என்று எதையாவது கூட்டி எழுதும்.

இதைப் பேச்சுவழக்கு என்று முத்திரை குத்தி ஒதுக்குகிற ஆசிரியர்களும் உண்டு. அது பாதிதான் உண்மை. கோபத்துக்கும் வேகத்துக்கும் இச்சொல் வரும்போது பேச்சுவழக்குதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ‘முழுக்க எரிந்து தீர்’ என்ற அடிப்படைப் பொருள் மிகப் பழையது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், மத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் பதரை எரிப்பது பற்றிய வரியில் இதே ‘பர்ன் அப்’தான் வருகிறது. தோட்டத்துத் தேவாலயங்களில் வாசிக்கிற தமிழ் பைபிளில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘சுட்டெரிப்பார்’. ‘எரிப்பார்’ என்று மட்டும் போட்டிருந்தாலும் பொருள் விளங்கியிருக்கும். மொழிபெயர்த்தவர்கள் ‘சுட்டு’ என்பதைச் சேர்த்து, ஒட்டு மீதமில்லாமல் எரிப்பதைக் காட்டினார்கள். அந்த ‘சுட்டு’தான் அங்கே ‘அப்’.

வரிசை பற்றி ஒரு சின்ன விதி. எரிக்கும் பொருளைப் பெயராகச் சொன்னால் அது ‘அப்’புக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். ‘இட்’, ‘தெம்’ என்று சுட்டுப்பெயராகச் சொன்னால் நடுவில்தான் வர வேண்டும்: ‘பர்ன் இட் அப்’. ‘பர்ன் அப் இட்’ என்பது பிழை. தமிழில் வினையையும் துணைவினையையும் இப்படிப் பிளந்து நடுவில் ஒரு பொருளை உட்காரவைக்க முடியாது. ‘எரிச்சே விட்டான்’, ‘எரிச்சும் விட்டான்’ என்று ஓர் இடைச்சொல் நுழையும், அதற்கு மேல் இடமில்லை. ஆகவே இந்த ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

இனிச் சொல்லின் பிழைப்பைப் பார்ப்போம். இன்றைய செய்திகளில் ‘பர்ன் அப்’ அடிக்கடி வருவது வானத்திலிருந்து விழுகிறவற்றைப் பற்றி. 2022 ஜூலை கடைசியில் சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் பெரிய பகுதி ஒன்று பூமிக்குத் திரும்பி விழுந்தபோது, நள்ளிரவு தாண்டிய கூச்சிங் வானில் ஒளிக்கோடாக உடைந்து போனதைப் பலர் கைப்பேசியில் பிடித்தார்கள். எரிநட்சத்திரம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சுற்றுப்பாதையிலிருந்து விழும் பொருள் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது. முன்னால் இருக்கிற காற்று விலக நேரமில்லாமல் நெருக்குண்டு கடுமையாகச் சூடேறுகிறது. உரசலால் தீப்பிடிக்கிறது என்று பள்ளியில் சொல்லித்தருவார்கள், பெரும்பங்கு வெப்பம் இந்த நெருக்கத்தால் வருவது. அதில் உருகி, உடைந்து, ஆவியாகிப் போவதைத்தான் ‘பர்ன் அப்’ என்கிறார்கள். பெரிய ராக்கெட்டுகளில் எல்லாமே அப்படிப் போய்விடுவதில்லை. 1979இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழுந்தபோது எரியாமல் தப்பிய துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறின. செய்தியாளர்கள் கவனமாக ‘மோஸ்ட்லி’ என்று ஒரு சொல்லை முன்னால் சேர்ப்பது இதனால்தான். ‘அப்’ தனியாக நின்றால் ஒன்றும் மிச்சமில்லை என்று ஆகிவிடும்.

அடுத்தது காய்ச்சல். இங்கே சொல் பாம்பு போல வழுக்கும். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஆங்கிலேயத் தாய் ‘யூ ஆர் பர்னிங் அப்’ என்பாள். நம் தாய் ‘உடம்பு அனலாக் காயுது’ என்பாள். காய்ச்சல் என்ற பெயரே ‘காய்’ என்பதிலிருந்து வந்தது, ஆகவே பொருத்தம் கச்சிதம். ஆனால் இந்தப் பொருளில் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் ‘-இங்’ வடிவம்தான் வரும். கிளினிக்குக்குப் போய் ‘மை சன் பர்ன்ட் அப் லாஸ்ட் நைட்’ என்றால், பையன் நேற்றிரவு சாம்பலாகிவிட்டான் என்று பொருள். டாக்டர் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார், இருந்தாலும் தேர்வுத்தாளைத் திருத்துகிறவர் சிரிப்பார். இன்னொரு கவனம்: தமிழில் ‘உடம்பு எரியுது’ என்றால் அது காய்ச்சல் ஆகாது. தோலில் எரிச்சல், கொப்புளம், வேனல்கட்டி என்று வேறு வழியில் போகும். டெங்கி நாள்களில் அம்மாவுக்காக டாக்டரிடம் பேசும் பிள்ளை, ‘காயுது’ என்பதற்கு ‘பர்னிங் அப்’ என்றும், ‘எரியுது’ என்பதற்கு ‘பர்னிங்’ அல்லது ‘ஸ்டிங்கிங்’ என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. ‘அப்’ சேர்ந்தால் ஒரு நோய், சேராவிட்டால் வேறொரு நோய்.

கலோரி, எரிபொருள், பணம் ஆகியவற்றுக்கும் ‘பர்ன் அப்’ உண்டு. ரொட்டி சானாய் ஒன்றில் சுமார் 300 கலோரி என்பார்கள். உடல் அதைச் செலவழித்துத் தீர்ப்பது ‘பர்ன் அப்’. அதிகமாகத் தின்றுவிட்டோமே என்று ஓடிக் கரைப்பது ‘பர்ன் ஆஃப்’. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிச் சுமப்பவர் பகலெல்லாம் செய்வது முன்னது. பின்னதற்குப் பணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டும்.

இனிப் பேச்சுவழக்குக்கு வரலாம். ‘இட் பர்ன்ஸ் மீ அப்’ என்று அமெரிக்கர் சொன்னால் அவருக்கு எங்கும் காயமில்லை, கடுங்கோபம். தமிழ்ப் பிள்ளைக்கு இதைச் சொன்னதும் உடனே நினைவுக்கு வருவது ‘எரிந்து விழு’. அதுவும் தீ, அதுவும் கோபம், அதுவும் இரட்டை வினை. ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று எழுதிவிடுவார்கள். ஆனால் திசை தலைகீழ். ‘எரிந்து விழுந்தார்’ என்றால் அவர் தீயாகி அடுத்தவர் மேல் பாய்ந்தார், சுடப்பட்டவர் எதிரில் நிற்பவர். ‘இட் பர்ன்ஸ் மீ அப்’ என்பதில் எரிவது பேசுகிறவரே. அவர் யாரிடமும் வாய் திறக்காமலே கூட இருக்கலாம். எரிந்து விழுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்னாப் அட்’ தான் பொருத்தம். ‘வயிறு எரியுது’ என்பதும் சரிவராது, அதில் சாபமும் ஆற்றாமையும் பொறாமையும் கலந்திருக்கின்றன.

சரியான ஈடு நம் தோட்டப்புறப் பேச்சிலேயே கிடக்கிறது: ‘பத்திக்கிட்டு வருது.’ குலைக் கணக்கில் கை வைக்கிறார்கள் என்று தெரிந்த வெட்டுக்காரர் “அதை நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருதுண்ணே” என்பார். தீ உள்ளே, காரணம் வெளியே, பேசுகிறவர்தான் எரிகிறார். துணைவினையும் கச்சிதமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எந்த அகராதியிலும் கிடைக்காது. இந்தப் பயன்பாடு பெரும்பாலும் அமெரிக்காவுக்குரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தைச் சார்ந்து படிக்கும் நம் பிள்ளைகள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். கட்டுரையில் இதை எழுத வேண்டியதில்லை. படத்தில் கேட்டால் புரிந்துகொண்டால் போதும்.

பிரிட்டிஷ்காரர் தம் பங்குக்கு ‘பர்ன் அப் தி ரோட்’ என்று வேகத்தைக் காட்டுவார். ஈப்போவுக்கும் குவாலா கங்சாருக்கும் இடையே எங்கள் ஊரைக் கிழித்துக்கொண்டு போகிற பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் மாட் ரெம்பிட் எனப்படும் தெருப்பந்தயப் பையன்கள் மோட்டாரில் செய்வது அதுதான். டயரிலிருந்து புகை வரக் கிளப்புவதற்கு ஆங்கிலத்தில் ‘பர்ன் ரப்பர்’ என்று பெயர். ரப்பர் பாலைத் தகடாக்கிப் புகைபோட்டுப் பிழைத்த ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டால் பெரியவர்களுக்கு முகம் சுளிக்கும். புகைத் தகட்டின் தரத்தை ஆர்.எஸ்.எஸ். (ரிப்ட் ஸ்மோக்ட் ஷீட்) ஒன்று முதல் ஐந்து வரை பிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள். புகை வேறு, எரிப்பு வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘பர்ன்’ குடும்பத்தின் மற்றவர்களை வகுப்பில் அட்டவணை போட்டு விளக்குவார்கள். அட்டவணையைவிடக் கோயிலுக்குக் கூட்டிப்போவது மேல் என்று தோன்றுகிறது. தீபாராதனைத் தட்டில் கற்பூரம் எரிந்து சாம்பல்கூட இல்லாமல் தீர்கிறது: ‘பர்ன் அப்’. அகல் விளக்கில் எண்ணெய் தீர்ந்து திரி தானாக அணைகிறது: ‘பர்ன் அவுட்’. ஊதுபத்தி மேலிருந்து எரிந்து எரிந்து கட்டையாகிறது: ‘பர்ன் டவுன்’. தீமிதித் திருவிழாவுக்குக் குழியில் அடுக்கிய கட்டைகள் காலையில் கொழுந்துவிட்டு எரிகின்றன. சாயங்காலம் பூசாரி இறங்குவதற்குள் சுவாலை அடங்கித் தணலாக வேண்டும். அதற்கும் ‘பர்ன் டவுன்’ தான். சுவாலை அடங்கும் இந்தப் பொருளைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கட்டடம் எரிந்து தரைமட்டமாவதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அந்தக் காலத்துப் பலகை லயத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்தடுத்த வீடுகளுக்கு என்ன ஆகும் என்பதைத் தெரிந்தவர்களுக்குக் கட்டடப் பொருளை விளக்க வேண்டியதே இல்லை. வீடு ‘டவுன்’ ஆவது அது இடிந்து விழுவதால். அதே வீட்டுக்குள் இருந்த துணியும் புத்தகமும் ‘அப்’ ஆகின்றன, அவை விழுவதற்கு ஒன்றுமில்லை, தீர்ந்துபோகின்றன. வீடு ஒரே நேரத்தில் மேலேயும் கீழேயும் எரிவது எப்படி என்று ஆங்கிலத்தைக் கேலி செய்பவர்களுக்கு இதுதான் பதில்.

போகியன்று பழைய பாயையும் கிழிந்த கூடையையும் எரிப்பது ‘பர்ன் அப்’. கார்த்திகைக்குச் சொக்கப்பனை எரிவதை எதில் சேர்ப்பது என்று யோசித்துப் பார்க்கலாம். கட்டிவைத்த உயரமான அமைப்பு சரிந்து விழுவதால் ‘டவுன்’ என்பேன் நான், ‘அப்’ என்று எழுதும் பிள்ளைக்கும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன்.

‘பர்ன் ஆஃப்’ மேலே படிந்திருப்பதை எரித்து நீக்குவது. சுண்ணாம்பு மலைகளைச் சுற்றிக் காலையில் நிற்கும் மூடுபனி வெயில் ஏறியதும் கலைவதற்கு ‘தி ஃபாக் பர்ன்ட் ஆஃப்’ என்பார்கள், தீ எதுவும் இல்லாமலே. நிலத்தில் வெட்டிப்போட்டதைக் கொளுத்தி இடத்தைச் சுத்தம் செய்வதும் இதுவே. மறுநடவுக்குப் பழைய மரங்களைச் சாய்த்துக் குவித்துக் கொளுத்துவது தோட்டங்களில் ஒருகாலத்தில் சாதாரணம். 1980களின் கடைசியிலிருந்து மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறை பரவியது. அடிமரங்களைத் துண்டு போட்டு வரிசைகளுக்கு இடையே மக்கவிடுவார்கள். ரப்பர் மரத்தின் கதை இன்னும் சுவையானது. அடுப்பிலும் புகைக் கொட்டகையிலும் விறகாக ‘பர்ன் அப்’ ஆகிக்கொண்டிருந்த கட்டை, அதைப் பதப்படுத்தும் வழி தெரிந்த பிறகு நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறத் தொடங்கியது.

‘பர்ன் அவுட்’ ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும், இன்று எல்லாரும் பயன்படுத்துவதால். பல்பு, மோட்டார் சுருள், கிளட்ச் எல்லாம் ‘பர்ன் அவுட்’ ஆகும். தமிழில் ‘பியூஸ் போச்சு’, ‘காயில் கருகிடுச்சு’ என்போம். மனிதருக்கு இச்சொல் வந்த பாதையில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். தொழுநோய் மருத்துவர்கள் ‘பர்ன்ட் அவுட் கேஸ்’ என்று ஒரு வகையைக் குறிப்பிட்டார்கள். நோய் தானாகவே எரிந்து அடங்கிவிட்டது, கிருமி இல்லை, ஆனால் போன விரல்கள் போனவைதாம் என்ற நிலையில் இருப்பவர்கள். 1930இல் திறக்கப்பட்டு உலகப் பெயர் பெற்ற சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் அப்படிப்பட்டவர்கள் ஊர் திரும்ப வழியில்லாமல் பூச்செடி வளர்த்து அங்கேயே வாழ்ந்தார்கள். அங்கே எரிந்து ஓய்ந்தது நோய், மனிதரல்லர். 1974இல் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், தொண்டூழியர்கள் சில காலத்தில் வற்றிப்போவதைப் பார்த்து அதற்கு ‘பர்ன் அவுட்’ என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். போதைப்பொருளால் ஒடுங்கிப்போனவர்களைக் குறிக்கத் தெருவில் வழங்கிய சொல் அது. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார். 2019 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்வகைப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் இதைச் சேர்த்தபோது, இது நோய் அன்று, வேலையிடம் சார்ந்த நிலை என்று தெளிவாகவே குறித்தது. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வரும் களைப்பு, வேலைமீது விலகலும் கசப்பும், திறன் குறைந்த உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

‘ஐ ஆம் பர்ன்ட் அவுட்’ என்று சொல்லும் இளம் ஆசிரியையின் பாட்டி, விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்குக்கு) நின்று பால்மரம் வெட்டியவர், ‘ஓஞ்சு போயிட்டேன்’ என்றிருப்பார். ‘போ’ வந்துவிட்டது பாருங்கள். பாட்டிக்குத் துணைவினை தெரியும், பேத்திக்கு ‘அவுட்’ தெரியும், இருவருக்கும் நடுவில் இலக்கணம் ஒன்றுதான். ஆனால் ‘பர்ன்ட் அப்’ என்றும் ‘பர்ன்ட் அவுட்’ என்றும் மாற்றிப் போட்டால் பொருள் கெடும். ‘ஐ ஆம் பர்ன்ட் அப் அபவுட் மை ஜாப்’ என்றால் களைப்பு போய்க் கோபம் வந்துவிடும்.

‘பர்ன் த்ரூ’ பணத்துக்கு. கையிலிருந்ததை மளமளவென்று செலவழித்துத் தீர்ப்பது. இதில் ஒரு குற்றச்சாட்டும் ஒட்டியிருக்கும். கோவிட் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து நான்கு சிறப்புத் திட்டங்கள் வழியாக 145 பில்லியன் ரிங்கிட் எடுக்கப்பட்டது. அரிசி வாங்கவும் வாடகை கட்டவும் எடுத்தவரைப் பற்றி ‘பர்ன்ட் த்ரூ ஹிஸ் சேவிங்ஸ்’ என்று எழுதினால் ஊதாரி என்று சொன்னதுபோல் ஆகும். அங்கே ‘யூஸ்ட் அப்’ என்பதே நியாயம். மீண்டும் நம் ‘அப்’: தீர்ந்தது என்று மட்டும் சொல்லி, தீர்ப்பு எதுவும் வழங்காது.

கடைசியாக, நாம் மட்டுமே பேசுகிற ‘பர்ன்’ ஒன்று. ‘மை வீக்கெண்ட் பர்ன் ஆல்ரெடி’, ‘லீவ் எடுக்கலன்னா பர்ன் ஆயிடும்’, ‘டெபாசிட் பர்ன்’. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எல்லா இனத்தவருக்கும் விளங்கும். லண்டனில் விளங்காது. இதன் தாய் மலாயின் ‘ஹாங்குஸ்’. கருகுதல் என்பது அதன் நேர்ப்பொருள், கட்டிய பணமும் உரிமையும் பறிபோவது அதன் வழக்குப்பொருள். நாள் தாண்டியதால் பறிபோன கைப்பேசி முன்கட்டணம் ‘கிரெடிட் ஹாங்குஸ்’. இங்கே ‘அப்’, ‘அவுட்’ எதுவும் சேராமல் ‘பர்ன்’ தனியாக நிற்பதைக் கவனிக்கலாம். ‘ஹாங்குஸ்’ என்ற ஒற்றைச் சொல்லிலேயே முடிவு அடங்கியிருப்பதால் துணைச்சொல் தேவைப்படவில்லை. இதே மலாய் வழியாகத்தான் ‘இக்கான் பாக்கார்’ என்பது ‘பர்ன் ஃபிஷ்’ ஆகவும், ‘ரோத்தி பாக்கார்’ என்பது ‘பர்ன் பிரெட்’ ஆகவும் பிள்ளைகளின் கட்டுரைகளில் பரிமாறப்படுகின்றன. ஆங்கிலத்தில் மீனுக்கு ‘கிரில்’, ரொட்டிக்கு ‘டோஸ்ட்’. ‘பர்ன்’ என்றால் தீய்ந்துவிட்டது, தின்ன முடியாது.

கடைத்தெருவில் ‘லீவ் பர்ன்’ என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை, அது நம் ஊர் ஆங்கிலம், அழகாகவே இருக்கிறது. வேலையிடத்துக்கு எழுதும் கடிதத்தில் விடுப்புக்கு ‘லாப்ஸ்ட்’, முன்பணத்துக்கு ‘ஃபோர்ஃபீட்டட்’, கைப்பேசிக் கட்டணத்துக்கு ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுத வேண்டும். தமிழில் எழுதும்போது ‘பர்ன்ட்’ என்று ஒன்றுபோலத் தெரியும் இறந்தகால வடிவத்தை ‘டி’யில் (t) முடிப்பதா ‘இ-டி’யில் (ed) முடிப்பதா என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் இரண்டும் உண்டு, அமெரிக்காவில் ‘இ-டி’ அதிகம், கருகிய ரொட்டியை வருணிக்கும்போது இரு நாட்டிலும் ‘டி’யே வழக்கு. எஸ்.பி.எம். தாளில் எதை எழுதினாலும் சரி, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால்.